உம்மாவின் ஊசி

ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாய்ந்தமருதின் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது என்னிடமிருந்த புத்தகங்கள் எல்லாம் போயின. சுவரே இல்லாமற் போன இடத்தில் புத்தகம் தேடுவது வெட்கமான காரியம். ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். முன்பு இரவல் வாங்கிப் போயிருந்த என் விஞ்ஞானக் குறிப்புக் கொப்பியைக் கையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். நீல மையில் எழுதிய கொப்பி. எனக்கு மிஞ்சிய கல்விச் சொத்து அதுதான். அதை வைத்துத்தான் பல வருடம் படிப்பித்தேன்.

அந்தக் கொப்பியில், அகஞ்சுரக்கும் சுரப்பிகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருந்தது: நீரிழிவு நோயாளருக்கு ஏற்றப்படும் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்து பெறப்படுகிறது. எவரும் சொல்லித் தந்ததல்ல. ஏதோவொரு பழைய புத்தகத்தைப் பார்த்து நானே எழுதிக்கொண்டது. அது பொய்யும் அல்ல. 1922 சனவரியில் டொரொன்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றப்பட்டதிலிருந்து அறுபது வருடம் வரை உலகம் அப்படித்தான் இன்சுலின் எடுத்தது. ஆனால் நான் அதை எழுதிக்கொண்ட காலத்தில் அந்த வரிக்கு இருபது வருடம் வயது கூடிப் போயிருந்தது. நான் அறியவில்லை. அறியாமலே ஒவ்வொரு வருடமும் பதினோராம் தரத்துக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

2010இல் உம்மாவுக்குச் சீனி வருத்தம் குளிசைக்கு அடங்காமற் போனது. கிளினிக்கில் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். ஊசியை எப்படிப் போடுவது, எத்தனை கோடு வரை இழுப்பது எல்லாம் தாதி ஒருவர் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். உம்மாவும் தலையாட்டினார். குப்பி எங்கள் பிரிஜ்ஜுக்குள், தயிர்ச் சட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

"ஊசி போட்டாச்சா உம்மா?" என்று கேட்பேன்.

"அதெல்லாம் நடக்கும். நீ ஸ்கூலுக்குப் போ" என்பார்.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் தோணாப் பக்கம் போய் வந்தவருக்கு இடது காலில் சிப்பி கீறிவிட்டது. சின்னக் கீறல். அது ஆறவில்லை, கறுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்று இரவு வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்த நான் பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தேன். குப்பியின் மூடி உடைக்கப்படாமலே இருந்தது.

உம்மா வீட்டில் முப்பது வருடமாக அயலட்டைப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். அவரிடம் சத்தம் போட எனக்கு எந்தக் காலத்திலும் துணிவு இருந்ததில்லை. கட்டிலருகே இருந்து மெதுவாகத்தான் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"பண்டிட சாமானை ஒடம்புக்குள்ள ஏத்திக்கிட்டு எப்படி மனே தொழுற?"

மௌலவி ஒருவரைக் கேட்டோம். உயிருக்கு ஆபத்து என்றால், வேறு வழியும் இல்லையென்றால் ஆகும் என்று அவர் விளக்கமாகச் சொன்னார். உம்மா அதையும் கேட்டுவிட்டு, "அது எனக்கும் தெரியும். அந்த நிலம இன்னும் வரல்ல" என்றார். பிறகுதான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"ஆரு உம்மா ஒங்களுக்கிட்ட இதச் சென்ன?"

"புள்ளதான் கொப்பியில காட்டின. நீதானே அவளுக்குச் செல்லிக் குடுத்த."

'புள்ள' என்றது ராத்தாவின் மகளை. அந்த வருடம் என் வகுப்பில் இருந்தவள். அவளுடைய கொப்பியில் என்னுடைய வரி, எழுத்துப் பிழைகூட இல்லாமல், சிவப்பு மையால் அடிக்கோடிட்டு இருந்தது.

இரண்டு விரல்கள். வேறு எவருடைய கணக்கிலும் என்னால் அவற்றை எழுத முடியவில்லை.

குப்பி வந்த பெட்டியை எடுத்து, குனிந்து, சிறிய ஆங்கில எழுத்துக்களைப் படித்தேன். மனித இன்சுலின் என்று இருந்தது. பெரிய சந்தோஷத்தோடு ஓடிப்போய், "உம்மா, இது பண்டிட இல்ல, மனிசன்ட இன்சுலின்" என்றேன். உம்மாவின் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"மையித்தில இருந்தா எடுக்கிறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. பெட்டியில் அதற்கடுத்த வரி, மீளிணைந்த டி.என்.ஏ. மூலம் ஆக்கப்பட்டது என்றிருந்தது. அதன் பொருள் எனக்கே சரியாகத் தெரியாது. கல்முனையில் ஒரு கடையில் மணித்தியாலக் கணக்குக்குக் கணினி எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாரக் கணக்காகத் தேடினேன். தாள் தாளாக அச்செடுத்து வந்து இரவில் படித்தேன். பயிற்றப்பட்ட விஞ்ஞான ஆசிரியன் முதன்முதலாக விஞ்ஞானம் படித்தது அப்போதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

முதலில் எனக்குப் பிடிபட்டது பாரிஸ் நகரத்துக் கதை. ஜெர்மனியர் அந்த நகரத்தைப் பிடித்து வைத்திருந்த யுத்த காலத்தில் ஜாக் மொனோ என்பவர் ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்கு இரண்டு விதமான சர்க்கரையை ஒரே பாத்திரத்தில் கொடுத்துப் பார்த்தார். குளுக்கோசோடு இலற்றோசு போன்ற இன்னொன்று. இலற்றோசு என்பது நம்முடைய பாலில் இருக்கும் சர்க்கரை. பற்றீரியா முதலில் குளுக்கோசை மட்டும் தின்று பெருகியது. அது முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றது. பிறகு மற்றச் சர்க்கரையில் கைவைத்து மறுபடியும் பெருகியது. அந்த நடு நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் கேள்வி.

விடை 1961இல் மொனோவும் பிரான்சுவா ஜேக்கப்பும் எழுதிய கட்டுரையில் வந்தது. (1958இல் மனைவியோடு சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது ஜேக்கப்புக்கு இந்த யோசனை உதித்ததாம். படம் பார்ப்பதைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொல்லும் புத்திமதிகளில் இதைச் சேர்ப்பதில்லை.) இலற்றோசை உடைக்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு பற்றீரியாவிடம் எப்போதும் இருக்கிறது. ஆனால் அதன் வாசலில் ஒரு புரதம் காவல் இருக்கிறது. காவல் இருக்கும்வரை அந்தப் பக்கத்தைக் கலம் வாசிக்காது. இலற்றோசு உள்ளே வந்தால், அதிலிருந்து உண்டாகும் ஒரு சர்க்கரை காவற்காரனைப் பிடித்து விலக்கிவிடும். குளுக்கோசும் தீர்ந்திருந்தால் வாசிப்பு மும்முரமாகத் தொடங்கும். நொதியம் ஆயிரம் மடங்குவரை பெருகும். இருவருக்கும் 1965இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுக்கு வயற்பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் எருமைத் தயிர் கொண்டு வருவார். சட்டியைக் காட்டி அதிலிருந்து தொடங்கினேன். பாலைத் தயிராக்குவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்தான், பற்றீரியாதான், அதை நாம் ஹலால் என்று தின்கிறோம் என்றேன். அது ஈ.கோலையல்ல, வேறு சாதி என்பதையும் சொன்னேன். பிழையாகச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். பிறகு காவற்காரன் கதையைச் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நம்மட சஹன் மாதிரி" என்றார். "எப்பவும் பரணில இரிக்கி. விருந்தாளி வந்தாத்தானே எறக்குற."

இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். பரம்பரையலகு வெளிப்பாடு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என் கையில் இன்றும் இல்லை. பரணில் சஹன் இருப்பது வேறு, இறக்கிச் சோறு போடுவது வேறு. ஈ.கோலையிடம் ஏறத்தாழ 4,300 பரம்பரையலகுகள் இருக்கின்றன. அதன் முழு எழுத்தும், 46 இலட்சம் எழுத்துச் சோடி, 1997இல் வாசித்து வெளியிடப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கினால் அந்தச் சின்ன உயிர் பசியால் செத்துப்போகும்.

இனி இன்சுலின். அது 51 அமினோ அமிலங்களாலான சிறிய புரதம். 21 கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று. கோர்வை வரிசையை 1950களில் கண்டுபிடித்தவர் பிரெட்ரிக் சாங்கர். பன்றியின் இன்சுலினுக்கும் மனிதருடையதற்கும் அந்த 51இல் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். மாட்டுக்கு மூன்று. (பன்றிக் கணக்கை உம்மாவிடம் நான் சொல்லவில்லை.) 1978இல் கலிபோர்னியாவில் இத்தாக்குரா, றிக்ஸ், கோடெல் ஆகியோரின் குழுவினர் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கும் உரிய எழுத்தை, எந்த மனித உடம்பிலிருந்தும் எடுக்காமல், இரசாயனக் கூடத்தில் எழுத்தெழுத்தாகக் கோர்த்தார்கள். மையித்தும் இல்லை, பன்றியும் இல்லை. கோர்த்ததை ஈ.கோலைக்குள் வைத்தார்கள். எங்கே வைத்தார்கள் என்பதுதான் அழகு: அதே பாற்சர்க்கரை நொதியத்தின் எழுத்துக்குப் பின்னால், அதே காவற்காரனின் வாசலுக்குள். வாசல் திறந்ததும் பற்றீரியா தன் நொதியத்தை வாசித்துக்கொண்டே போய், வேறுபாடு தெரியாமல் இன்சுலின் சங்கிலியையும் வாசித்துவிட்டது. பிறகு கலங்களை உடைத்து, புரதத்தை எடுத்து, இரசாயனத்தால் வால் நறுக்கி, இரண்டு சங்கிலிகளையும் சேர்த்தார்கள். 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

உம்மா இடைமறித்தார். "அது ஓதிக்கிட்டே போகுதெண்டு செல்றாய். எங்க நிப்பாட்டணும் எண்டு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஓதிக் கொடுப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். வக்பு குறி தவறி ஓதினால் உம்மாவின் ஈர்க்குக் குச்சி பாயில் ஒரு தட்டுத் தட்டும். மீம் வந்தால் நிறுத்து, லாம் அலிப் வந்தால் நிறுத்தாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார். "அதிலயும் வக்பு குறி இரிக்கி உம்மா. இதுல ரெண்டு போட்டிரிக்காங்க, ஒண்டு தப்பினாலும் மத்தது பிடிக்க" என்றேன். உண்மைதான், செயற்கையாகக் கோர்த்த அந்த எழுத்தின் முடிவில் இரண்டு நிறுத்தக் குறிகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டன.

"சரி" என்றார். பிறகு, "அந்தப் பூச்சிய எங்க இருந்து பிடிச்ச?"

இதற்கு நான் பாதி உண்மைதான் சொன்னேன். ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் கே-12 என்ற அந்த ஈ.கோலை வகை 1922இல், முதல் இன்சுலின் ஏற்றப்பட்ட அதே வருடத்தில், கலிபோர்னியாவில் தொண்டைக்கரப்பானிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. "ஒரு நோயாளிட வயித்தில இருந்து" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அடுத்த நாள் காலையில் உம்மா பிஸ்மில் சொல்லி, என்னை மறுபக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே ஊசி போட்டுக்கொண்டார். 2017இல் வபாத்தாகும்வரை ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஆனால் அந்த நிறுத்தக் குறி விஷயம் என்னை விடவில்லை. குறி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதை யார், எப்படிக் கண்டார்கள் என்று கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பேன். அதற்கு விடை 2013இல் கிடைத்தது, ஒரு மரணச் செய்தியாக. அது நோன்பு மாதம். யூலை 26ஆம் திகதி பெங்களூரில் காலமான இந்திய விஞ்ஞானி ஒருவரைப் பற்றிச் சில நாள் கழித்துப் படித்தேன். பெயர் ஒபைத் சித்தீக்கி.

1932இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்தவர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து, கிளாஸ்கோவில் பொன்டெகொர்வோ என்ற பேராசிரியரிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் அலன் காரன் என்பவரோடு சேர்ந்து ஈ.கோலையை ஆராய்ந்தார். பொசுபேற்றுத் தட்டுப்படும்போது ஈ.கோலை பெருவாரியாக ஆக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. இதுவும் சஹன் கதைதான். அந்த நொதியத்தை ஆக்கும் ஆற்றலை இழந்த விகாரிகளை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். பழுதான அந்தப் பரம்பரையலகை வேறொரு ஈ.கோலை இனத்துக்குள் கொண்டுபோய் வைத்தபோது, சில விகாரிகளில் நொதியம் மீண்டும் உண்டானது. பழுது அப்படியே இருக்கிறது. ஆனாலும் பலன் வருகிறது. 1962இல் இருவரும் இதை வெளியிட்டார்கள்.

விளக்கம் பின்னால் தெளிவானது. எழுத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டு, நடு வசனத்தில் நிறுத்தக் குறி விழுந்துவிட்டது. வாசிப்பு அங்கேயே நின்று, புரதம் குறையிலே முடிகிறது. அந்த மற்ற இனத்திலோ, அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் மூலக்கூறு ஒன்று மாறியிருக்கிறது. அது நிறுத்தக் குறியை ஒரு சாதாரணச் சொல்லாக வாசித்துக் கடந்து போகிறது. எழுத்து திருந்தவில்லை, ஓதுகிற ஆள் மாறிவிட்டார். 1965இல் காரன் தரப்பும் இங்கிலாந்தில் பிரென்னர் தரப்பும் தனித்தனியே அந்தக் குறியின் எழுத்துக்களை அடையாளம் கண்டன. மூன்றெழுத்துச் சொற்கள் 64. அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மூன்று நிறுத்தச் சொல்லும்.

இன்னொரு தொடர்ச்சியும் உண்டு. ஹர் கோவிந்த் கொரானா (இந்தப் பெயரை இப்போது வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முகக்கவசம் தேடுகிறார்கள்) இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். நூறு பேரளவில் வாழ்ந்த அவ்வூரில் எழுத்து வாசனை உள்ள குடும்பம் அநேகமாகத் தங்களுடையது மட்டும்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1968இல் நோபல் பரிசு பெற்றவர். 1976இல் அவருடைய குழு, முழுக்க முழுக்கச் செயற்கையாகக் கோர்த்த ஒரு பரம்பரையலகு உயிருள்ள ஈ.கோலைக்குள் வேலை செய்வதைக் காட்டியது. எந்தப் பரம்பரையலகு தெரியுமா? நிறுத்தக் குறியைக் கடந்து வாசிக்கும் அதே சுமைகாரனுக்குரியது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல பரீட்சை கையில் இருந்தது: நடுவில் நிறுத்தக் குறி விழுந்து நின்றுபோன வாசிப்பு மீண்டும் ஓடுகிறதா? ஓடியது. இரண்டு வருடத்தில் இன்சுலின் வந்தது.

சித்தீக்கி அமெரிக்காவில் தங்கவில்லை. ஹோமி பாபாவின் அழைப்பில் 1962இல் பம்பாய் திரும்பி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். முப்பது வருடம் கழித்துப் பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையத்தைக் கட்டி எழுப்பி, கடைசிவரை பழ ஈயின் மணமறியும் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம்முடைய மீலாத் மேடைகளில் இப்னு சீனாவையும் ராஸியையும் சொல்வோம், ஆயிரம் வருடத்தை ஒரே மூச்சில் தாண்டி நேரே கைதட்டலுக்கு வந்துவிடுவோம். நானும் அப்படிப் பேசியவன்தான். அலிகாரில் படித்த ஒருவர், என் உம்மாவின் காலத்து மனிதர், உம்மா கேட்ட அதே கேள்வியைப் பற்றீரியாவிடம் கேட்டிருக்கிறார் என்பது அவர் மௌத்தான பிறகே எனக்குத் தெரிய வந்தது.

அன்று தறாவீஹ் முடிந்து வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மாவால் அந்த வருடங்களில் நோன்பு பிடிக்க முடியாது. பித்யா கொடுத்துவிட்டு, வாசற்படியில் தஸ்பீஹோடு இருப்பார்.

"எந்த ஊர்ட ஆளு?"

"இந்தியா. அலிகார்ல படிச்சவரு."

"என்ன வயசி?"

"எண்பத்தொண்டு. ரோட்டில நடந்து போகக்குள்ள மோட்டார் சைக்கிள் அடிச்சி."

உம்மா இன்னாலில்லாஹி சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், தெரியாது என்றேன். அது தெரியாமல் என்ன படித்தாய் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, "பேர இன்னொருக்காச் செல்லு. நாளைக்கிப் புள்ளையள் யாசீன் ஓதக்குள்ள சேத்துக்கிறன்" என்றார்.

சொன்னேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கிடையில் ராத்தாவின் மகள் உள்ளேயிருந்து குப்பியை எடுத்து வந்தாள். இப்போது அது தயிர்ச் சட்டிக்கு முன்னால்தான் இருந்தது.